எம்டனுக்கு என்ன ஷேடு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருமழிசை சிட்கோ எஸ்டேட் ரோட்டில் ஈ காக்கை இருக்காது. அந்த ரோட்டின் ஒரு கோடியில், எங்கள் யூனிட் தம்பிகள் இரண்டு பேர் எட்டுக்கு நாலு தகர ஷீட் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் கோடியில் நான். நடுவே டேப் பிடித்து அளந்த 175 மீட்டர். என் கையில் ஒரு தெர்மாகோல் துண்டு. அதில் குத்தி நிறுத்திய ஏழு பிளாஸ்டிக் ஸ்பூன். ஏழின் முதுகிலும் ஏழு விதமான சாம்பல் நிறம். கையை அரை மீட்டர் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்பூனையும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன்.

போனில் தம்பி கேட்கிறான்: "அண்ணே, கை கடுக்குது. கிடைச்சுதா?"

முதல் ஸ்பூன் கறுத்துத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கிட்டத்தில் வந்தது. நான்காவதைக் கொண்டுபோய் ஷீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டன! எங்கே ஸ்பூன் முடிகிறது, எங்கே ஷீட் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "கிடைச்சுடுச்சுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

கிடைத்தது எம்டன் கப்பலின் நிறம். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையின் மேல் குண்டு போட்டதே, அதே எம்டன். மூன்று மாதம் தேடியிருக்கிறேன். ஒரு சாம்பல் கலருக்கு மூன்று மாதமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு சந்தோஷம் தரும் வேலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பத்துப் பேருக்காவது இதைத் தொற்ற வைக்க வேண்டும்.

நான் பவுடர் கோட்டிங் யூனிட்டில் ஷேடு பார்க்கிற ஆள். இருபது வருடமாக அதே வேலை. பார்ட்டி ஒரு சாம்பிள் துண்டைக் கொண்டுவந்து கொடுப்பார். அதே நிறம் அவருடைய ஐந்நூறு பெட்டியிலும் வர வேண்டும். பேனல் போர்டு, மீட்டர் பாக்ஸ், பீரோ, மெஷின் கவர் என்று வருவதில் பாதிக்கு மேல் கிரே. வெளியே இருப்பவர்களுக்கு கிரே என்றால் ஒரே கிரே. எங்களுக்கு 7035 வேறு, 7032 வேறு. 7032-ஐ எங்கள் லைனில் 'சீமென்ஸ் கிரே' என்றுதான் சொல்வோம். கொஞ்சம் மண் கரைந்த மாதிரி இருக்கும். 7035 தெளிந்த வெளிர் சாம்பல். கழுவிய கூழாங்கல் மாதிரி. இந்த எண்களெல்லாம் ஜெர்மனியின் ரால் ஷேடு கார்டில் உள்ளவை. திருமழிசையில் சைக்கிளில் போகிற பையனுக்குக்கூட 'ரால் 7035' தெரியும். ஜெர்மனிக்கும் எங்கள் எஸ்டேட்டுக்கும் இப்படியொரு சொந்தம் இருந்ததால்தான் ஜெர்மன் கப்பல் என்றதும் நெஞ்சு துள்ளியது என்று நினைக்கிறேன்.

ஆனால் எம்டன் அதற்கும் முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட ஆள். பூந்தமல்லியில் இருந்த எங்கள் ஆயா யாரையாவது மெச்ச வேண்டும் என்றாலும் சரி, வைய வேண்டும் என்றாலும் சரி, "அவனா? அவன் சரியான எம்டன்" என்பார். வகையாகக் காரியம் பார்ப்பவன், யாருக்கும் பிடி கொடுக்காதவன், கண்டிப்புக்காரன் எல்லாரும் எம்டன்தான். ஒரு போர்க்கப்பலின் பெயர் அரை மணி நேரத்தில் ஒரு மொழிக்குள் நுழைந்து, நூறு ஆண்டு தாண்டியும் வெளியேறாமல் இருக்கிறது. அந்தக் கப்பலை என் கையால் செய்துவிட வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. ரெவெல் கம்பெனி 1/350 அளவில் எம்டனை பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டிருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அசல் கப்பல் 118 மீட்டர் நீளம். 350-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைவிட இரண்டு விரற்கடை கூட. மூன்று புகைபோக்கி, 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. 1908-இல் டான்சிக் நகரத்துக் கப்பல்துறையில் கடலில் இறக்கினார்கள். 1910-இல் ஜெர்மனியை விட்டுக் கிழக்கே புறப்பட்டது. பிறகு ஊர் திரும்பவே இல்லை. ஒட்டுகிற வேலையை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது.

பெட்டியில் வரும் தாளைப் பார்த்து, அதிலுள்ள எண்ணுக்குரிய பெயின்ட்டை வாங்கி அடித்தால் கப்பல் அழகாகத்தான் வரும். அப்படிச் செய்பவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஷேடு பார்த்தே வயிறு வளர்த்தவனுக்கு அதில் மனசு ஆறாது. பார்ட்டி வந்து நின்றால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த சாம்பிளுக்கு மேட்ச் பண்ணணும்?" என்பது. எம்டனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், "எந்தத் தேதிக்கு?" என்று அது திருப்பிக் கேட்கிறது.

ஏனென்றால் எம்டன் பிறவியிலேயே சாம்பல் நிறக் கப்பல் அல்ல. சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தில் நின்ற காலத்தில் அது தூய வெள்ளை. புகைபோக்கிகளும் பாய்மரத் தண்டுகளும் மஞ்சள். வெயில் நாட்டுக் கடல்களில் சமாதான காலத்தில் நின்ற ஜெர்மன் கப்பல்களுக்கு அதுதான் உடுப்பு. அந்த வெள்ளையையும் உடல் வளைவையும் பார்த்து 'கிழக்கின் அன்னம்' என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். 1914-இல் போர் மூண்டது. அன்னம் சாம்பல் பூசிக்கொண்டது. ஆக, வெள்ளை எம்டனும் சரி, சாம்பல் எம்டனும் சரி. ஆனால் வெள்ளை எம்டனைச் செய்து அதற்குக் கீழே 'சென்னைமேல் குண்டு போட்ட கப்பல்' என்று எழுதி வைத்தால் தப்பு.

இதை யோசித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் ஜகந்நாதப் பெருமாள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர் இது. அவர் பாடிய திருச்சந்தவிருத்தம் 120 பாசுரம். அதில் ஒன்றில், பெருமாள் யுகத்துக்கு ஒரு நிறம் கொள்வதைச் சொல்கிறார்: ஒரு யுகத்தில் வெள்ளை, அடுத்ததில் பொன்னை ஒத்த சிவப்பு, பிறகு பச்சை, பிறகு நீலம். ஆள் ஒருவர்தான், காலம் மாற நிறம் மாறுகிறது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாசுரம். அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் காலத்தைக் கேள் என்று என் ஊர் ஆழ்வாரே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! அங்கேயே முடிவு செய்தேன். என் எம்டனுக்குத் தேதி 1914 செப்டம்பர் 22. கலவை எதுவாக இருந்தாலும் அந்தத் தேதிக்குத்தான் மேட்ச் ஆக வேண்டும்.

அடுத்தது போட்டோ. எம்டனின் போட்டோக்கள் நிறைய உண்டு. எல்லாம் கறுப்பு வெள்ளை. 'கறுப்பு வெள்ளைப் போட்டோவில் சாம்பல் நிறம் சாம்பலாகத்தானே விழும், அதைப் பார்த்துக் கலக்கிவிட்டால் ஆச்சு' என்றுதான் நானும் இறங்கினேன். அங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நம்முடைய கண் கிடையாது. நீலத்தை அவை வெளுப்பாகப் பதியும், சிவப்பைக் கறுப்பாகப் பதியும். மஞ்சளும் உள்ளதைவிட இருண்டே விழும்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். செய்து பார்த்தே தீர வேண்டும் என்பேன். ஒரு தட்டில் விபூதி, மஞ்சள், குங்குமம், கொஞ்சம் நீலப் பொடி நான்கையும் குவியல் குவியலாக வைத்து போனில் படம் எடுங்கள். படத்தைத் திருத்துகிற ஆப்பில் சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டு, நீலப் பங்கை மட்டும் கறுப்பு வெள்ளையாக வையுங்கள். நான் வைத்தேன். பளீரென்று இருந்த மஞ்சள் கரிக்கட்டையாகிவிட்டது. குங்குமத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நீலம் விபூதிக்குப் பக்கத்தில் போய் வெளிறி நின்றது. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேச்சே வரவில்லை எனக்கு. சிங்தாவ் போட்டோக்களில் வெள்ளை எம்டனுக்கு ஏன் அவ்வளவு இருட்டான புகைபோக்கி என்ற கேள்விக்கு விடை, பூஜைத் தட்டில் கிடக்கிறது! இன்னொன்றும் புரிந்தது. சாம்பலில் கொஞ்சம் நீலச் சாயல் இருந்தால், போட்டோவில் அது அசலைவிட வெளுப்பாக விழும். கடைசியில் கோகோஸ் தீவுப் பவளப்பாறையில் ஏறி நின்றுபோன எம்டனின் படங்களைப் பார்த்து 'வெளிர் சாம்பல்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. ஒரு பிடி குறைத்துத்தான் நம்ப வேண்டும்.

சரி, ஷேடு கார்டு இருக்கிறதே, அதில் பார்க்கலாமே? அதிலும் எனக்கு ஒரு சின்ன ஞானம் கிடைத்தது. ரால் கார்டு பிறந்தது 1927-இல், வெறும் நாற்பது நிறத்தோடு. எம்டன் 1914 நவம்பரிலேயே முடிந்துபோன கப்பல். ஆகவே எம்டனுக்கு ரால் எண் என்ற ஒன்று இருந்திருக்கவே முடியாது. கேட்கக் கூடிய கேள்வி, இன்றைய எந்த எண் அதற்குப் பக்கத்தில் வரும் என்பது மட்டும்தான். ஜெர்மன் கப்பல் என்றதும் பலர் 7000-த்தையும் 7001-ஐயும் எடுத்து வைப்பார்கள். 7000-த்துக்கு அணில் சாம்பல் என்று பெயர். எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்! 7001 வெள்ளிச் சாம்பல். ஆனால் அந்த ஜோடி இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிஸ்மார்க் வகைக் கப்பல்களுக்கு மாடல்காரர்கள் எடுப்பது. பேரனின் சட்டையைத் தாத்தாவுக்குப் போட்டுவிட்டதாக ஆகிவிடக் கூடாது. நான் கார்டை அளவுகோலாக வைத்துக்கொண்டேன், விடையாக வைத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? பெயின்ட் எதனால் ஆனது என்பதிலிருந்து. இதுதான் என் கட்சி. மாடல் செய்கிற ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல நினைப்பதும் இதுதான். அந்தக் காலத்துக் கப்பல் சாம்பல், அடிப்படையில் வெள்ளைப் பொடியும் கறுப்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. வெள்ளைக்கு ஈயமோ துத்தநாகமோ. கறுப்புக்கு விளக்குக்கரி. எண்ணெய் எரிந்து படிகிற புகைக்கரி. நம் வீட்டில் விளக்குச் சுடருக்கு மேலே தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மைக்கு எடுப்பார்களே, அதே சமாச்சாரம். இந்தக் கரியை வெள்ளையோடு கலந்து பாருங்கள், ஒரு விசேஷம் நடக்கும்: சாம்பல் நீலம் தட்டும்! ஒரு சொட்டு நீலம் சேர்க்காமலே, மழைக்கு முன்னால் கிழக்கே கறுக்கிற வானம் மாதிரி ஒரு குளிர்ச்சி வந்துவிடும். முதல் தடவை என் பீங்கான் கிண்ணத்தில் அது நடந்தபோது நான் வாய்விட்டே "அம்மாடி!" என்றேன்.

அதனால் கடையில் விற்கும் தயார் சாம்பலை விட்டுவிட்டேன். சுத்த வெள்ளை ஒன்று, சுத்தக் கறுப்பு ஒன்று. சொட்டு எண்ணிக் கலக்கல். இருபது சொட்டு வெள்ளைக்கு ஒரு சொட்டுக் கறுப்பு விட்டால் நிறம் ஒரே எட்டில் பாதித் தூரம் போய்விடும். கரியின் பலம் அப்படி. இரண்டாவது சொட்டுக்கு அதே அளவு மாறாது. மூன்றாவதுக்கு இன்னும் குறைவு. பல்குத்தும் குச்சியின் நுனியில் கறுப்பைத் தொட்டுத் தொட்டுக் கலக்கும்போது, ஒரு கட்டத்தில் சாம்பல் 'நின்றுவிடுவது' தெரியும். அதற்கு மேல் கறுப்பு சேர்த்தால் அழுக்கு, குறைத்தால் சுண்ணாம்பு. ஸ்பூனின் முதுகில் அடிப்பதற்குக் காரணம் உண்டு. தட்டையான தகட்டில் ஒரே நிறம்தான் தெரியும். ஸ்பூனின் வளைவில் வெளிச்சம் படும் இடம், நிழல் விழும் இடம் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கப்பலின் முன்பக்க வளைவும் அப்படிப்பட்டதுதானே.

ஒரு இரவு பதினொரு மணிக்கு, ஹாலில் டியூப் லைட் வெளிச்சத்தில், கச்சிதமாக வந்துவிட்டது என்று கப்பலின் ஒரு பக்கம் முழுக்க அடித்து முடித்தேன். அன்றைக்குக் கலவையில் ஓர் அவசரம் செய்திருந்தேன். கறுப்பு தீர்ந்துபோயிருந்ததால், வேறொரு பாட்டிலில் இருந்த கருஞ்சாம்பலைச் சேர்த்தேன். காலையில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் கப்பல் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது! தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. இரண்டு கலவை ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும். வேறு விளக்கில் பிரிந்துவிடும். உள்ளே இருக்கும் நிறப்பொடிகள் வேறு வேறு என்பதால் வருவது. யூனிட்டில் இதற்காகவே லைட் பாக்ஸ் வைத்திருக்கிறோம். பகல் வெளிச்சம், கடை விளக்கு, மஞ்சள் பல்பு மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் ஓகே சொல்வோம். வீட்டில் அதை மறந்துவிட்டேன். அடித்த பக்கத்தை முழுக்கத் துடைத்து எடுத்தேன். அன்றிலிருந்து ஒரே விதி: கப்பல் நிறத்துக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மொட்டைமாடி வெளிச்சம் மட்டும். அதுவும் நேர் வெயிலில் இல்லை, மாடிப்படி அறையின் நிழலில்.

மகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, இது நம்ம பீரோ கலர்தானே?" என்றாள். நான் அவளைக் கூட்டிப்போய் ஸ்பூனை பீரோ கதவின்மேல் வைத்துக் காட்டினேன். பீரோவின் சாம்பலில் பச்சை ஒளிந்திருக்கிறது, ஸ்பூனின் சாம்பலில் நீலம். "அட, ஆமா!" என்றாள். இப்போது போகிற இடமெல்லாம் அவளே சொல்கிறாள்: மின்சாரக் கம்பத்து டப்பா பழுப்புச் சாம்பல், பஸ் ஸ்டாண்டு பெஞ்சு நீலச் சாம்பல், மேம்பாலத் தூண் மண் சாம்பல் என்று. ஒரு குழந்தையின் கண் திறப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் இந்தக் கப்பலால் கிடைத்தது.

இப்போது அந்த 175 மீட்டருக்கு வருகிறேன். மாடல்காரர்கள் நெடுநாளாகச் சொல்லும் ஒரு சூட்சுமம் உண்டு. அசல் கப்பலின் நிறத்தை அப்படியே எடுத்துச் சின்னக் கப்பலுக்கு அடித்தால், பொம்மைக்கு மை பூசின மாதிரி அழுத்தமாகத் தெரியும். ஏன்? 1/350 கப்பலை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, அசல் கப்பலை 175 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நடுவில் 175 மீட்டர் காற்று இருக்கிறது. ஈரமும் தூசியும் வெளிச்சமும் கலந்த காற்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரைப் பனைமரங்களைப் பாருங்கள், பச்சையாகவா தெரிகின்றன? ஒரு நீலப்புகை மூடி, வெளிறிப்போய்த் தெரியும். சின்னக் கப்பலுக்கும் கண்ணுக்கும் நடுவே அந்தக் காற்று இல்லை. அந்தக் காற்றைப் பெயின்ட்டிலேயே கலந்துவிட வேண்டும்!

இந்த எண்ணம் என்னை எப்படி ஆட்டி வைத்தது தெரியுமா? காற்றைக் கலப்பது! நான் முடிவு செய்த மூலச் சாம்பலில் வெள்ளை சேர்க்காமல் ஒரு ஸ்பூன், பிறகு நூற்றுக்கு ஐந்து, பத்து, பதினைந்து என்று முப்பது வரை ஆறு ஸ்பூன். மொத்தம் ஏழு. மூலச் சாம்பலையே பெரிய அளவில் கலந்து எட்டடி ஷீட்டில் ஸ்ப்ரே செய்தோம். எட்டடியை 350-ஆல் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர். ஸ்பூன் முதுகில் ஏழு மில்லிமீட்டர் இடம் தாராளமாகக் கிடைக்கும். கணக்கு கடவுள் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. லேசாகப் பனி இருந்த காலை அது. கடல்காற்றுக்கு எங்கள் எஸ்டேட் காற்று ஈடா என்று கேட்கலாம். வங்கக்கடல் காற்றும் வறண்ட காற்று இல்லையே. நான்காவது ஸ்பூன், பதினைந்து பங்கு வெள்ளை. அதுதான் ஒட்டிக்கொண்டது.

அடிப்பாகத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே செங்காவி. இரும்பு கேட், கிரில், ஷெட் தூண் எதற்கும் முதல் கோட்டாக அடிக்கிற ரெட் ஆக்சைடு நிறம். திருமழிசையில் தடுக்கி விழுந்தால் ரெட் ஆக்சைடு மேல்தான் விழ வேண்டும். ஒரே ஒரு சொட்டு வெள்ளை சேர்த்து முடித்துவிட்டேன்.

ஆனால் நாலாவது புகைபோக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் செய்த தந்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அசல் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் யார்மவுத் கப்பலுக்கு நான்கு. மரச் சட்டமும் கித்தான் துணியும் வைத்து நாலாவது ஒன்றைக் கட்டி நிறுத்தினால், தூரத்தில் பார்ப்பவர்களுக்கு எம்டன் யார்மவுத் ஆகிவிடும். அக்டோபர் 28 விடிகாலை பினாங்கு துறைமுகத்துக்குள் அந்த வேடத்தில்தான் நுழைந்தது. ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. இந்தத் துணிப் புகைபோக்கியை நான் கழற்றி மாட்டும்படி தனியாகச் செய்தேன். இதற்கு என்ன நிறம்? அதே டப்பாப் பெயின்ட்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் இரும்பில் அடித்த பெயின்ட் மேலே நிற்கும். துணியில் அடித்தது உள்ளே இறங்கும். துணி எண்ணெயைக் குடித்துவிட்டால் மினுமினுப்பு போய், நிறம் கட்டையாகிவிடும். சந்தேகமிருந்தால் ஒரே பெயின்ட்டைத் தகரத்திலும் பழைய கூடாரத் துணியிலும் அடித்துப் பாருங்கள், நான் அடித்துப் பார்த்தேன். அதனால் மூன்று அசல் புகைபோக்கிக்கும் மெல்லிய மினுமினுப்பும் வாயில் கரியும். நாலாவதுக்கு மினுமினுப்பே இல்லாத செத்த சாம்பல், கரி இல்லாத சுத்தமான வாய். அதற்குள் புகை வந்ததே இல்லையே! மாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். கண் ஏமாறுகிறது. கிட்டே வந்தால் பிடிபடுகிறது. ஃபான் முல்லருக்கு வேண்டியதும் அதுதானே.

ஓடித் தேய்ந்த கப்பலுக்குரிய அழுக்கையும் வைத்தேன். எம்டன் நிலக்கரியில் ஓடும் கப்பல். துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கூடவே வந்த மார்க்கோமானியா கப்பலிலிருந்தும் பிடித்த கப்பல்களிலிருந்தும் நடுக்கடலிலேயே மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றிக்கொண்டே திரிந்தது. மூட்டை உரசிய பக்கவாட்டில் மெல்லிய கரித்தீற்றல், நங்கூரத்துக்குக் கீழே துருக்கண்ணீர். உப்பும் வெயிலும் பட்ட பெயின்ட் சுண்ணாம்பு பூக்கும். எங்கள் தொழிலிலும் வெளியில் நிற்கும் பேனலுக்கு அது வரும். மேல்தளத்தை ஒட்டிய பகுதிகளில் அந்தப் பூப்பை ஓர் உலர்ந்த பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் வைத்தேன். இதில் அளவு முக்கியம். போர் தொடங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஏழு வாரத்து அழுக்குக்கு மேல் ஒரு துளி கூடக் கூடாது.

வேலை முடிந்ததும் கப்பலை ஓர் அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. பக்கத்தில் பஸ் ஹாரன், ஆட்டோ, வக்கீல்களின் கறுப்பு கோட்டு. பெட்டியைத் திறந்து கப்பலைக் கல்வெட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது. எம்டன் வந்த அந்த 1914 இரவில் உயர் நீதிமன்றத்துக் கோபுரத்தின் மேல்தான் கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. அமாவாசை போய் மூன்றாம் நாள். பிறை சீக்கிரமே மறைந்துவிட்ட இருட்டு. ஊரில் நவராத்திரி. ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டது. வெளிச்சத்தில் தெரிந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. சுமார் 125 குண்டு. தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியது. இந்த ஊரில் அன்றைக்கு எத்தனையோ ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்தச் சாம்பல் நிறத்தை ஒருவர்கூடப் பார்த்திருக்க முடியாது. தேடுவிளக்கின் கண்கூச்சமும் எண்ணெய் எரிகிற சிவப்பும்தான் பார்த்திருப்பார்கள். ஊரே பயந்து ஓடிய கப்பலின் நிறத்தை, நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, அதே சுவரோரம் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்!

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "என்ன கப்பல் தம்பி?" என்றார். சொன்னேன். "அடேயப்பா, எம்டனா!" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "நான் கறுப்பா இருக்கும்னு நினைச்சிருந்தேன்பா" என்றார்.

மிச்சமான கலவை ஒரு சின்ன மருந்து பாட்டிலில் இருக்கிறது. மேலே லேபிள் ஒட்டி '22-9-1914' என்று எழுதியிருக்கிறேன். நான்காவது ஸ்பூன் யூனிட்டில் எங்கள் ஷேடு ரிஜிஸ்டருக்குள் போய்விட்டது. 7032-க்கும் 7035-க்கும் நடுவே, எண் போடாமல் ஒட்டியிருக்கிறோம். பார்ட்டிகள் புரட்டும்போது, "இது என்ன ஷேடு, நல்லா இருக்கே?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது எம்டன் கிட்டும் வந்து, பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. இது அன்னம், சிங்தாவ் வெள்ளை, மஞ்சள் புகைபோக்கி. இதில் புதுச் சிக்கல். சாம்பலுக்கு வெள்ளை சேர்த்துக் காற்றைக் கலந்துவிட்டேன். வெள்ளைக்கு எதைச் சேர்ப்பது? 175 மீட்டரில் வெள்ளை வெளுக்காது, மங்கும். அப்படியென்றால் வெள்ளையில் ஒரு மூச்சு சாம்பல் விட வேண்டும். எவ்வளவு? மஞ்சள் எது, சந்தனமா, வெந்த பருப்பா? தம்பியிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, அப்போ எட்டுக்கு நாலு ஷீட் ரெண்டு எடுத்து வைக்கவா?"